எம்.பி.க்கு நின்ற ஏழுமலை

முதல் ஷிப்டுக்காக ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. "செல்வி, எங்க ஊட்டுக்காரரு போயிட்டாரும்மா" என்றது ஒரு குரல். போனவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் எனக்குத் தெரிந்தது. கணவர் பெயரை வாயால் சொல்லாத மனைவி எனக்குத் தெரிந்து இன்னும் ஒருவர் மிச்சமிருந்தார் என்றால், அது ஆரம்பாக்கத்தில் இருக்கும் கஸ்தூரி அண்ணிதான். ஏழுமலை அண்ணன் போய்விட்டார். விடியும்போது நெஞ்சை வலிக்கிறது என்றாராம். தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர் ஏழுமலை அண்ணன். திருவள்ளூர் தொகுதியில் இரண்டு முறை எம்.பி. தேர்தலுக்குச் சுயேச்சையாக நின்றார். இரண்டு முறையும் டெபாசிட் போனது. இணையத்தில் தேடினால் அவரைப் பற்றிக் கிடைப்பது இரண்டே வரிகள். முதல் தேர்தலில் சில ஆயிரம் ஓட்டு, அடுத்ததில் சில நூறு. பார்க்கிற யாரும், 'பாவம், போகப் போக மதிப்பிழந்துவிட்டார்' என்றுதான் நினைப்பார்கள். நடந்தது அதற்கு நேர் எதிர். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவர் தேர்தலுக்கு நின்றது ரயிலுக்காக. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு வடக்கே ஆரம்பாக்கம் போகிறவர்கள், ஷிப்டு முடிந்து ஷேர் ஆட்டோவுக்குத் தவம் கிடக்க வேண்டும். ஒரு நாள் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடியே அறிவித்தார்.

"ரயிலு கவுன்சிலரு கைலயும் இல்ல, எம்.எல்.ஏ. கைலயும் இல்ல. டெல்லில கீது. அதான் டெல்லிக்கு நிக்கலாம்னு கீறேன்."

"டெல்லி அப்புறம் போலாம்ணே. மொதல்ல கும்மிடிப்பூண்டிக்கு ஒழுங்கா வந்து சேருங்க. இன்னிக்கும் லேட்டு" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் வேட்புமனுவை என் முன்னால் நீட்டி, முன்மொழிகிறவர்களில் ஒருத்தியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். "கிண்டல் பண்றவங்க கையெழுத்துதாம்மா கெட்டி" என்றார்.

மனு போட்ட பிறகுதான் பேஜாரு தொடங்கியது. ஒரு பெரிய கட்சி அறிவித்த வேட்பாளரின் பெயரும் ஏழுமலை. உடனே அவருடைய ஓட்டைப் பிரிப்பதற்காக எதிர்முகாம் எங்கிருந்தோ இன்னொரு ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஓட்டு மெஷினில் மூன்று ஏழுமலைகள். அப்போதெல்லாம் மெஷினில் படம் கிடையாது.

கஸ்தூரி அண்ணி, சின்னம் ஒதுக்கும் வரை காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டு முடித்துவிட்டார். "எங்க ஊட்டுக்காரருக்குப் போடுங்கம்மா" என்பார். பேர் என்ன என்று கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அதான், திருப்பதில கீற சாமி பேரு" என்பார். அவர் சொன்னதை மதித்துப் போனவர்கள், மெஷினில் மேலே முதலில் தெரிந்த ஏழுமலைக்கு அழுத்திவிட்டு வந்தார்கள். அது கட்சிக்காரர். வேறு ஊர்களில் கட்சிக்காரருக்குப் போட வந்தவர்களோ, தடுமாறி எங்கள் அண்ணனுக்கு அழுத்தினார்கள். முகம் தெரியாத ஊரெல்லாம் ஓட்டு விழுந்தது. அவர் தெருவில்தான் விழவில்லை.

சுயேச்சைக்கு அத்தனை ஆயிரம் ஓட்டா என்று ஆலையில் மாலை போட்டார்கள். டீக்கடையில் வேறு மாதிரி பேசினார்கள். "கட்சிக்காரன் ஓட்டப் பிரிக்க டப்பு வாங்கினுதான் நின்னுக்கீறாரு. இல்லாங்காட்டி இத்தினி ஓட்டு எப்டி வரும்?" அது அவர் காதுக்கும் போனது. கோபப்படுவார் என்று பார்த்தேன். மாலையைக் கழற்றி கிரேன் கொக்கியில் மாட்டிவிட்டு, மெல்லச் சொன்னார். "அவனுங்க சொல்றத வுடும்மா. இதுல எனக்குன்னு போட்டது எதுன்னு எனக்கே தெரியல. அதான் ஒரு மாதிரியா கீது."

வீட்டில் அண்ணியை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. என் பேரைச் சொல்லிப் பழகு என்றும் கேட்டதில்லை. "அவ சொல்லாததும் ஒரு மரியாதைதானே" என்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த தேர்தலிலும் நிற்கப் போகிறேன் என்றபோது நான் கத்தியே விட்டேன். பட்ட அவமானம் போதாதா என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கே எனக்குன்னு எத்தினி பேரு போடறாங்கன்னு ஒரு தபா பாக்கணும்மா. அவ்ளோதான்" என்றார். மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.

இந்த முறை பட்டியலில் வேறு ஏழுமலை இல்லை. விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு அவர் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சின்னம் இஸ்திரிப் பெட்டி. உள்ளூர் ஆட்டோக்கார பாபு மைக் கட்டிக்கொண்டு முன்னால் போக, அண்ணி வீட்டிலிருந்த இஸ்திரிப் பெட்டியையே கையில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். "இந்தப் பொட்டிக்குப் போடுங்கம்மா." பெயருக்கு வேலையே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

சில நூறு ஓட்டுகள்தான் கிடைத்தன. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணும் மையத்திலிருந்து வந்தவரோ, பிள்ளை பாஸான தகப்பனைப் போல் வந்தார். ஸ்டேஷன் வாசலில் கண்ணில் பட்ட எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "அத்தினியும் நம்மளுதும்மா. ஒண்ணு கூட தப்பி வந்தது இல்ல" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ரயிலில், சந்தையில், ஆலை வாசலில் மனிதர்களைப் பார்த்தபடி நிற்பார். "இதுல யாருன்னு தெர்ல பாரு" என்பார். கேட்டுப் பாருங்களேன் என்றால் காதைப் பொத்திக்கொள்வார். "ஓட்டு ரகசியம்மா. நாம கேக்கக் கூடாது. அவங்களா வந்து சொன்னா கேட்டுக்கலாம்." ஒருவரும் வந்து சொல்லவில்லை. தோற்கிற சுயேச்சைக்குப் போட்டேன் என்று யார் வெளியில் சொல்லிக்கொள்வார்கள்? ஓய்வு பெற்ற பிறகும் கேட்பார். "யாராவது சொன்னாங்களாம்மா?" இல்லண்ணே என்பேன். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் ஓட்டு அவருக்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியும்.

போன் வந்த அன்று நான் ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் ஆளே இல்லை. நாலைந்து உறவினர்கள் மட்டும். விசாரித்தால், பாபுவின் ஆட்டோ 'ஏழுமலை அவர்கள் காலமானார்' என்று அறிவித்துக்கொண்டு போயிருக்கிறது. மாலையோடு கிளம்பிய ஜனமெல்லாம் பக்கத்துத் தெரு ரைஸ்மில் ஏழுமலை வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மனிதர் நாஷ்டா தட்டோடு வாசலில் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாராம். செத்தும் இந்தப் பெயர் அண்ணனை விடவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது.

பாபு கையைப் பிசைந்துகொண்டு வந்தான். "எந்த ஏழுமலைன்னு கேக்கறாங்க அண்ணி. இன்னான்னு சொல்றது?"

அண்ணனின் மகன் வாயைத் திறந்தான். அதற்குள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வந்தார்.

"ஏழுமலைன்னு சொல்லு" என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். "எம்.பி.க்கு நின்ன ஏழுமலைன்னு சொல்லு. இஸ்திரிப் பொட்டி ஏழுமலை. எங்க ஊட்டுக்காரரு ஏழுமலை."

சொல்லிவிட்டுத் திரும்பி, அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

பாபு அந்த வார்த்தைகளை மாற்றாமல் மைக்கில் சொல்லிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆலைக்காரர்களும் உறவினர்களும் வந்தார்கள். பிறகு, நான் முன்பின் பார்த்திராதவர்கள். செக்யூரிட்டி உடுப்பில் ஒருவர் மாலை போட்டுவிட்டு என் பக்கமாக வந்து நின்றார். "நானு இஸ்திரிப் பொட்டிக்குத்தான் போட்டேம்மா. அவராண்ட ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். அவருக்குப் பின்னால் பூக்கூடையோடு நின்ற அம்மா, "நானுந்தான்" என்றார். அவருக்கும் பின்னால் வரிசை தெருமுனை வரை நின்றது.

அண்ணே, நான் யாரையும் கேக்கல. அவங்களாத்தான் வந்து சொன்னாங்க. நிம்மதியாப் போய் வாங்க.