குடம் உடைந்தபின் படுத்திருந்த பதினெட்டு நாள்

படுத்திருக்கிறதும் ஒரு உத்தியோகம்தான். மாதம் நிறையமுன் தண்ணிக்குடம் உடைந்து ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்த ஆட்களுக்கு அது தெரியும். எழும்பினால் நேர்ஸ் மிஸ்மார் ஏசுவினம், இருமினால் நாங்களே பயப்படுவோம். என்னைப்போலக் கிடந்த அக்காமார் தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற ஆட்கள் வாசித்துச் சிரித்தாலும் பரவாயில்லை.

நாலு பாவாடை

சாம்பல்தீவில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து சூடைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். காலோடு தண்ணி வழிந்தது. ஏழு மாதம் கடந்த வயிறு, தும்மினால் சிறுநீர் போகிறதுதானே என்று நினைத்துப் பாவாடையை மாற்றினேன். அதுவும் நனைந்தது. இன்னொன்று. அதுவும் நனைந்தது. யாருக்கும் சொல்ல வெட்கமாக இருந்தது. மாற்றுவதும் கழுவுவதும் காயப்போடுவதுமாகவே காலை போயிற்று.

மத்தியானம் இவர் கடலால் வந்து கொடியைப் பார்த்தார். "இஞ்ச, என்ன, நாலு பாவாடை காயுது?" என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போனில் கோல் எடுத்தார். அவ வந்து ஒரு பார்வைதான் பார்த்தா. "இது மூத்திரமில்லைப் பிள்ளை, குடத்துத் தண்ணி. ஆசுபத்திரிக்கு வராமல் அஞ்சாவது பாவாடையைத் தேடிக்கொண்டோ இருந்தனீ?"

மூன்று முடிச்சு

ஆசுபத்திரி வார்டில் காலையில் டொக்டர் வரும்போது, தண்ணி கசிகிறதுக்கு நாங்கள் வைத்த பஞ்சுப் பேடை எடுத்துக் காட்டவேண்டும். தண்ணி பச்சையாக இருக்கிறதா, மணக்கிறதா என்று பார்ப்பார்கள். டொக்டர் இளம் ஆள், ஆம்பிளை. அவருக்குப் பின்னால் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பது பேர். நான் என்ன செய்வேன்? பேடைப் பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டுத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

டொக்டர் முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவதும் அவிழ்ந்தது. மூன்றாவது அசையவில்லை, மீன்பிடிக்கிறவன் பெண்டாட்டி போட்ட முடிச்சு. ஒன்பது பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வார்டு மிஸ் கத்தரிக்கோலோடு வந்தா. "என்ன பிள்ளை, வெளிநாட்டுக்கு அனுப்புற பார்சலோ?"

கூடச்சொல்லி உடைத்த தேங்காய்

எனக்கு அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். சீ.ஆர்.பி என்று ஒரு இலக்கம் பார்க்கிறார்கள். உடம்பில் எங்காவது கிருமி பிடித்து அழற்சி வந்தால் அந்த இலக்கம் ஏறுமாம். குடம் உடைந்தவளுக்கு ஏறினால், கிருமி கர்ப்பப்பைக்குள் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டும். அப்படிப் போயிருந்தால் பிள்ளையை வைத்திருக்க ஏலாது, எடுக்கத்தான் வேணும். பிள்ளையின் சுவாசப்பை இன்னும் முத்தவில்லை. முப்பத்திநாலு கிழமை வரைக்குமாவது உள்ளே இருக்கவேணும் என்று டொக்டர் சொன்னார். அதுதான் எங்கள் பாடு.

முதல் நாள் நாலு, பயமில்லை என்றார்கள். இவருக்குக் கோலில் சொன்னேன். இவர் கரையில் நின்று பலத்த குரலில் "நாலாம்!" என்றார். கரையில் இலக்கம் என்றால் மீன் நிறுத்த கிலோதான், கூடினால்தான் சந்தோஷம். எல்லாருக்கும் முகம் விழுந்துபோயிற்றாம். அடுத்த முறையும் நாலு. வள்ளத்துச் சொந்தக்காரர், நாங்கள் சம்மாட்டி ஐயா என்று கூப்பிடுகிறவர், பாவம், மனம் பொறுக்காமல் அம்மன் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டார்.

பதினோராம் நாள் இலக்கம் இருபத்தாறு. நான் அழுதுகொண்டு கோல் எடுத்தேன். சம்மாட்டி ஐயா இவரிடமிருந்து போனைப் பறித்தார். "அழாதை மகள், அம்மன் கேட்டிட்டா! நாளைக்கு இன்னும் ஒரு தேங்காய் உடைக்கிறன், அம்பதாக்கிப் போடுவம்!"

இடது பக்கம் மட்டும்

இருபத்தாறு என்றதும் என் கட்டிலைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. வயிறு நோகவில்லை. தண்ணி மணக்கவில்லை. பிள்ளையின் இதயம் ஒழுங்காக அடிக்கிறது. "வேறை எங்கையாவது நோகுதா?" என்று டொக்டர் மூன்று தரம் கேட்டார். ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். மூன்று தரமும் "இல்லை" என்றேன். "நாளைக்கும் ஏறினால் பிள்ளையை எடுக்க யோசிக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு முப்பத்திமூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஊர் ரிஸ்வானா அக்கா. "தங்கச்சி, ரெண்டு நாளா ஒரு பக்கமாவே கிடக்கீங்க. மல்லாந்து படுங்க பாப்பம்" என்றா. படுத்தேன். "ஆ!" என்று கத்திவிட்டேன். அவ என் காதுக்குள் கேட்டா, நானும் அவவின் காதுக்குள் சொன்னேன். ரகசியம் அவ்வளவுதான் தாங்கியது. அடுத்த நிமிஷம் அக்கா எழும்பி நின்று முழு வார்டுக்கும் கேட்கக் கூப்பிட்டா: "டொக்டர்! திரும்பி வாங்க! கட்டி இந்தப் புள்ளட குண்டியில!"

டொக்டர் ஓடி வந்தார். ஒன்பது பேரும் ஓடி வந்தார்கள். கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஆனாலும் கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை என்று உடனே சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இரத்தம் பார்த்தார்கள். இருபது. பதினொன்று. ஐந்து. ஐந்து என்ற துண்டைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டர் என் கட்டிலடிக்கு வந்தார். "அம்மா, ஒரு கட்டிக்கு வெட்கப்பட்டு, பிள்ளையை முந்தி வெளியாலை எடுப்பிக்கப் பார்த்தீங்கள்."

குதிக்கால்

முப்பத்திநாலு கிழமை முடிந்த அன்றைக்கு மருந்து போட்டு நோவை வரப்பண்ணினார்கள். பெண்பிள்ளை. சின்ன உடம்பு, ஆனால் தானாகவே மூச்சு எடுத்தாள். குடம் உடைந்து கனநாள் கிடந்த தாயின் பிள்ளை என்று, குறைமாதப் பிள்ளைகளின் அறையில் அவளுக்கும் சீ.ஆர்.பி பார்க்கவேண்டுமென்றார்கள். குதிக்காலில் ஊசி பட்டதுதான் தாமதம், வாசலில் நின்ற இவர் திடுக்கிட்டுக் கையிலிருந்த பிளாஸ்கைக் கீழே போட்டார். பிள்ளையின் கத்தல் அவ்வளவு.

இலக்கம் நல்ல குறைவு. அந்த அறை மிஸ் கொப்பியில் எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தா. "பயப்பட வேண்டாம் அம்மா. இவ உங்களைப்போல இல்லை, எங்கை நோகுதென்டு ஒரு தரத்திலையே சொல்லிப்போட்டா."

ஆகவே படுத்திருக்கிற என் சகோதரிமாரே, "வேறை எங்கையாவது நோகுதா" என்று டொக்டர் கேட்டால், பத்துப் பேர் சுற்றி நின்றாலும் இடத்தைக் காட்டிவிடுங்கோ, இல்லாவிட்டால் அதையே பிறகு முழு வார்டுக்கும் காட்டவேண்டி வரும்.