கப்பலில் ஜோடியில்லாத ஓர் அறை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முப்பது வருடமாக ஊசி குத்துகிறேன். நரம்பு எளிதில் கிடைக்காதவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்துவது என் வழக்கம். அன்று வந்த அம்மாள், மகனோடு கொச்சிக்குப் போய் அங்கிருந்து சொகுசுக் கப்பலில் லட்சத்தீவுப் பக்கம் போய்வந்தவர். விதவிதமான சாப்பாடு, மாடியில் நீச்சல் குளம், சாயங்காலம் பாட்டு, ஆட்டம் என்று அடுக்கினார். என் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில், "ரூம் கதவைச் சாத்திட்டா அம்புட்டுத்தான். ஒருத்தரும் வந்து தட்ட மாட்டாங்க. சன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் மட்டுந்தான்" என்றார். ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் கையில் மறுநாள் வரைக்கும் நீலம் கட்டியிருந்திருக்கும்.

எனக்கு அந்தக் கதவு வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று சொன்னால்தான் புரியும். கோச்சடையில் எனக்கு இரண்டு அறை வீடு இருக்கிறது. எங்கள் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம். ஊர்க்காரர்களுக்கு மதுரையில் ஒரு வீடு இருக்கிறது என்றால் அது கட்டியவளுக்கு மட்டும் சொந்தமான வீடு இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பரீட்சை எழுத வருகிறவர்கள், துணி எடுக்க வந்து பஸ்ஸை விட்டவர்கள் எல்லாருக்கும் அதில் பாத்தியதை உண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அந்த வீட்டில் எப்போதும் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொந்தக்காரர்களுக்கு ஓர் எண்ணம். அம்மா பதினான்கு வருடம் என் அறையில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்து, போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கட்டிலில் இப்போது கல்லூரியில் படிக்கிற தம்பி மகள் படுக்கிறாள். ஐம்பத்தாறு வயதுவரை நான் ஓர் அறையில் தனியாகத் தூங்கி எழுந்ததே இல்லை.

வெளியில் எனக்குச் சுள்ளென்று பேசுகிறவள் என்று பெயர். மருத்துவர்களே என்னிடம் அளந்துதான் பேசுவார்கள். ஆனால் யாராவது முகத்தைப் பார்த்து அன்பாக ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. எனக்கு வேண்டும் என்று சொல்ல அதைவிட வராது.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான்.

"தண்ணிக்குள்ள ஒத்தையில உக்காந்து என்னக்கா பண்ணப் போற?"

"உக்காந்திருக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்குக் கொச்சி? வைகை அணைக்குப் போயிட்டு வா. நான் காரு அனுப்புறேன். வேணும்னா துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ."

பாசத்தில் சொல்கிறவனிடம் சண்டை போட முடியாது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனேன்.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் அறுபடை வீடு, நவக்கிரகக் கோயில்கள், காசி கயா என்று பலகை. நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். பஸ் டிரைவர் மகள். சமையல்காரர், பாத்திரம், மளிகை எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு ஐம்பது பேரைக் காசிக்குக் கூட்டிப்போய், வேளைக்கு ரசம் சோறு போட்டு, ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவள். நான் கப்பல் என்றதும் அரை நிமிடம் என்னையே பார்த்தாள்.

"கப்பல் எனக்குத் தெரியாதுக்கா. நாலு நாள் கழிச்சு வாங்க. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்."

எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போய்விட்டது. மருத்துவர்களோடு முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்குத்தான் 'தெரியாது' என்ற வார்த்தையின் அருமை தெரியும்.

நாலு நாள் கழித்துப் போனால், கப்பலின் ஒவ்வொரு தளத்தின் படத்தையும் அச்செடுத்துக் காலண்டர் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். எந்த அறை சமையலறைக்கு மேல் வருகிறது, எது லிஃப்டுக்குப் பக்கம், எந்தச் சன்னலை வெளியில் தொங்குகிற உயிர்காப்புப் படகு மறைக்கும் என்று பென்சிலால் குறித்திருந்தாள். "பஸ்ஸுல கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடும்ல, அதே கணக்குத்தான். முனைப்பக்கம் ஆடும். நீங்க நடுவுல, கீழ்த் தளமா எடுத்துக்கங்க. வயித்தைப் பெரட்டாது" என்றாள். கடலையே ராமேஸ்வரத்துக் கரையில் நின்று மட்டும் பார்த்தவள். அவள் சொன்ன யோசனையைத்தான் இணையத்தில் பெரிய பெரிய ஆட்களும் சொல்லியிருந்தார்கள்; நான் பிறகு தேடிப் பார்த்தேன்.

என் முன்னாலேயே கப்பல் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இந்தியும் இங்கிலீஷும். இவளுக்கு இரண்டும் பாதி பாதி. ஆனாலும் ஒரு கேள்வியை விடவில்லை. தயிர் சாதம் உண்டா, வெந்நீர் எப்போதும் வருமா, பிரஷர் மாத்திரை மறந்தால் டாக்டர் இருக்கிறாரா, கதவு உள்ளே தாழ் போடலாமா. கடைசியில் கட்டணம் வந்தது. அறை இரண்டு பேருக்கானது, ஒருவர் போனாலும் கிட்டத்தட்ட இரண்டு பேர் பணம் என்றார்கள். "ஒரு ஆளுதானே சாப்பிடப் போறாங்க, எதுக்கு ரெண்டு ஆளு காசு?" என்று இவள் மல்லுக்கு நின்றாள். அவர்கள் இறங்கவில்லை.

"பரவாயில்லம்மா, குடுத்துருவோம்" என்றேன். அந்தக் காலிக் கட்டிலுக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்காக இவ்வளவு வாதாடுகிறவளிடம், துணை இல்லாமல் இருப்பதற்குத்தான் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தனியாத்தான் போறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "நான் இருக்கேன்ல, கவலைப்படாதீங்கக்கா" என்றாள்.

அதன் அர்த்தம் ஒரு வாரம் கழித்துப் புரிந்தது. வேலை நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, நல்ல சேதி. ஜோடி கெடச்சிருச்சு."

காசிப் பயணத்தில் தனியாக வருகிற பெண்களை இரண்டு இரண்டு பேராக ஓர் அறையில் சேர்ப்பதை அவர்கள் தொழிலில் ஜோடி சேர்ப்பது என்பார்கள். வெளியூரில் ஒரு பெண்ணைக்கூட ஓர் இரவு தனியாகப் படுக்க விட்டதில்லை என்பது அவளுக்குப் பெருமை. அப்படிச் சேர்த்த இரண்டு பேர் திரும்பி வந்து சம்பந்தி ஆனதாகவும் சொல்லியிருக்கிறாள். செல்லூரில் இருந்து ஓர் அம்மா காசிப் பயணம் பற்றி விசாரிக்க வந்து, கப்பல் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டாராம்; தனியாகப் போகத்தான் பயமாம். இவள் உடனே இரண்டு பேர் ஆதாரையும் வைத்து ஓர் அறையைப் பிடித்துப்போட்டுவிட்டாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பணம் கட்டவேண்டும்.

"ரொம்ப நல்லதாப் போச்சும்மா" என்றது யார் என்று நினைக்கிறீர்கள், நான்தான். போனை வைத்துவிட்டு எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. கடலிலும் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமுவார். நான் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். அன்று யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் குத்தினேன்.

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனேன். அந்த அம்மா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு வீட்டோடு சேர்ந்த விசைத்தறிக் கூடத்தை அவரே நடத்துகிறார் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். கனத்த குரல், தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் குரல் அப்படித்தான் இருக்கும்.

"சன்னல் பக்கம் நீங்க படுத்துக்கங்க தங்கச்சி" என்றார் எடுத்த எடுப்பில்.

"இல்லக்கா, நீங்க படுங்க. எனக்கு எங்கன்னாலும் தூக்கம் வரும்."

"ஏசிய நீங்க சொல்ற மாதிரி வச்சுக்குவோம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"பாத்ரூமும் காலையில நீங்களே மொதப் போங்க."

இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனோம். கடைக்காரப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல். பெண் பார்த்து முடித்த தரகர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நான் இன்னும் ஒரு படி மேலே போய், "உங்களுக்குத் தனியாப் போகப் பயமா இருக்குன்னு சொன்னாங்க. நான் இருக்கேன், பயப்படாதீங்கக்கா" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பயமா? எனக்கா? தங்கச்சிதான் ஒத்தையிலே போக நடுங்குறாங்கன்னு நீ சொன்னியேம்மா. பாவம்னுதானே சரின்னேன்."

கடைக்காரப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "ரெண்டு பேரும் மனசுக்குள்ள பயப்படுவீங்கன்னு நெனச்சேன்க்கா. வாய் விட்டுச் சொல்ல மாட்டீங்கள்ல."

செல்லூர் அம்மாதான் பேசினார். கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை.

"இந்தா பாரு பாப்பா. எங்க வீட்ல பகலும் ராத்திரியும் தறி ஓடும். முப்பத்தஞ்சு வருசமா அந்தச் சத்தத்துலதான் தூங்குறேன். கரண்டு போனாத்தான் எனக்கு முழிப்பு வரும். நூலு அறுந்துச்சா, ஆளு தூங்கிட்டானா, என்னன்னு எந்திரிச்சுப் போயிப் பாக்கணும். மூணு நாளைக்கு எதுக்கும் எந்திரிக்காமப் படுத்துக் கெடக்கணும்னுதான் இந்தக் கப்பலைக் கேட்டேன். எனக்குத் துணை வேணாம்."

"கப்பல்லயும் எஞ்சின் ஓடும்க்கா" என்றாள் அவள் மெதுவாக.

"ஓடட்டும். அது நின்னா நான் போயிப் பாக்க வேணாம்ல."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே பொறாமையாகவும் இருந்தது. நான் இத்தனை நாளாகத் தம்பியிடமும் இவளிடமும் சொல்ல முடியாமல் மென்று விழுங்கியதை, தறிக்கூடத்துக்கு ஆள் அனுப்பச் சொல்கிற மாதிரி நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார். இப்படிப்பட்ட மனுஷியைக் கும்பிடத் தோன்றியது. "எனக்கும் அதேதான்க்கா" என்றேன். அதைக்கூட அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் சொன்னேன்.

கடைக்காரப் பெண் முகம் வாடிவிட்டது. ஆனால் வாடிக்கொண்டு உட்காரவில்லை. உடனே உதவி எண்ணைக் கூப்பிட்டு இன்னோர் அறை கேட்டாள். இல்லை என்றார்கள். வேறு தளம் கேட்டாள், சன்னல் இல்லாத அறை கேட்டாள், காத்திருப்போர் பட்டியல் கேட்டாள். எதுவும் இல்லை. மழைக்காலத்துக்கு முன் அதுதான் கடைசிக் கப்பல். இனி மழை முடிந்துதான். நாங்கள் பிடித்து வைத்திருந்த ஓர் அறை மட்டும் இருக்கிறது, அதுவும் ஆறு மணி வரைக்கும். மணி ஐந்தே கால்.

"தப்பு என்னோடதுதான்க்கா. நீங்க மொதல்ல கேட்டப்பவே எழுதியிருந்தா ஆளுக்கொரு ரூம் கெடச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அறைக் கட்டணம் காட்டிய திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். "ஜோடி வேணாம்னா ஒருத்தர்தான் போக முடியும். நீங்களே சொல்லுங்க."

"நீங்க போங்கக்கா" என்றேன் நான். யோசிக்கவே இல்லை; தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. "நான் அப்புறமாப் போயிக்கிறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

செல்லூர் அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"எதுக்கு இப்பிடிச் சொல்றீங்க?"

"மூத்தவங்க நீங்க..."

"மூத்தவன்னா? நான் கேட்டனா உங்கள்ட்ட? எனக்கு வேணும்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க மரியாதைக்கு விட்டுக் குடுக்குறதை வாங்கிக்கிட்டு நான் அதுல போயித் தூங்க முடியாது. இங்க பாருங்க தங்கச்சி. உங்களுக்கு நெசமாவே வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நான் போறேன். வேணும்னா வேணும்னு சொல்லுங்க. மழைக்கு அப்புறம் நான் போயிக்கிறேன். ரெண்டுல ஒண்ணை எனக்கு நேராப் பாத்துச் சொல்லணும்."

வெளியில் தேனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், எல்லாரும் என்னை நல்லவள் என்பார்கள். அம்மா இருந்தபோதும், வீடு கட்டியபோதும், தம்பி மகளுக்குப் பாதி அறையைக் கொடுத்தபோதும் அதைத்தான் செய்தேன். அந்த அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, தியாகமும் இல்லை. அவ்வளவு நேர்மையாக என்னை யாரும் கேட்டதில்லை.

"எனக்கு வேணும்" என்றேன். சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னேன். "எனக்கு வேணும்க்கா."

"இது பேச்சு" என்றார் அவர். உடனே திரும்பி, "ஏ பாப்பா, எம்பேரை அதுல இருந்து எடுத்துவிடு. மழை முடிஞ்சு போற மொதக் கப்பல்ல எனக்கு ஒரு ரூம் போடு. ஒத்த ஆளு. ஜோடி கீடி சேத்தேன்னா தெரியும் சேதி" என்றார்.

கடைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு பெயரை அழித்தாள். பயணிகள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று அடித்துவிட்டு, சரிதானா என்று என்னைக் கேட்டாள். சரிதான் என்றேன்.