இடது பக்கம் மட்டும் கம்மி

என்னிடம் பதினேழு ஹெட்போன்கள் இருக்கின்றன. தலை ஒன்றுதானே என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. பீரோவில் புடவைக்கென்று இருந்த தட்டில்தான் பதினேழும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. புடவைகள் எங்கே போயின என்று என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கேட்டுவிடாதீர்கள். வயலினுக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று, பழைய பாட்டுகளுக்கென்றே இரண்டு. ஒரே பாட்டை மூன்றில் மாற்றி மாற்றிக் கேட்பேன். மூன்றாவதில் மட்டும் பாடகி மூச்சை இழுப்பது கேட்கும். அப்போது நான் போட்ட "ஆஹா"வில் ஒருமுறை அடுப்படியில் பால் பாத்திரமே கவிழ்ந்திருக்கிறது.

என்னைப் போன்ற பித்துகள் கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் சேர்த்து முப்பது பேர் தேறுவோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் ஒரு பேக்கரி மாடியில் கூடுவோம். மேசை நிறைய ஹெட்போன்கள். ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம், பஃப்ஸ் ஆறிப்போகும். எங்கள் பக்கத்து மரியாதைப்படி யாரும் யாருடைய பொருளையும் குறை சொல்ல மாட்டோம். மிஞ்சிப்போனால், "நல்லாத்தானுங்க இருக்குது, நமக்குத்தான் பழகோணும்" என்போம். அது சரியான தகர டப்பா என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அங்கேதான் பவானிக்காரரின் ஹெட்போனை மாட்டினேன். பவானியில் உரக்கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பெரிய பித்து. மரத்தில் கடைந்த காதுக் கிண்ணங்கள், வெளிப்பக்கம் மூடாமல் வலை மட்டும் போட்ட ரகம். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே தம்புரா இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னுடையதில் இரண்டைத் தருகிறேன், அதை எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடினேன். அவருக்கு மனசு வர இரண்டு மாதம் ஆனது.

பஸ் பார்சலில் வந்தது. பூச்சிமருந்து அட்டைப்பெட்டியில் சுற்றி அனுப்பியிருந்தார். "ஏனுங்க, இதெல்லாம் எதுக்குங்க ஊட்டுக்குள்ள?" என்று பதறிய மனைவியை விலக்கிவிட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தம்புரா வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. இடது பக்கம் யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதைப் போல் இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நிமிடம் யோசிக்கவில்லை, ஃபோனை எடுத்துவிட்டேன். "நல்லதைக் காட்டிப்போட்டு இதையாங்க அனுப்பறது? இடது பக்கம் கம்மியா இருக்குதுங்க!" அவர், "பரவாயில்லீங்ணா, திருப்பி அனுப்பிப்போடுங்க" என்றார். அதோடு விட்டேனா? எங்கள் வாட்ஸாப் குழுவிலும், பவானிக்காரரிடம் பார்த்து வாங்குங்கள் என்று இரண்டு வரி எழுதினேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

அது பவானிக்குப் போனது, என் இரண்டும் திரும்பி வந்தன. அந்தக் கடுப்பில் அதுவரை நான் வேறெதையும் காதில் வைக்கவில்லை. மாட்டினேன். அவற்றிலும் இடது பக்கம் கம்மி. பதினேழையும் மாட்டிப் பார்த்தேன், எல்லாமே அப்படித்தான். ஆம்ப்ளிஃபயர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு புதிதாக ஒன்று வாங்கினேன். பிறகு வயர்தான் என்று சொல்லி வெள்ளி முலாம் பூசிய வயர் வாங்கினேன். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதை மட்டும் செய்யவில்லை. செய்யத் துணியவில்லை என்பதுதான் உண்மை. இருபது வருடமாக நான் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறேன். அந்த இரைச்சலில் காதைக் கொடுத்துவிட்டு இப்போது எதற்கும் "ஆங்?" என்று கேட்கிறவர்கள் ஷெட்டில் எத்தனையோ பேர். எனக்கும் அதுதான் என்றால் பதினேழையும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

கடைசியில் அதைச் செய்தது மனைவிதான். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அப்படி என்னதானுங்க கேக்க மாட்டேங்குது?" என்று பிடுங்கித் தன் தலையில் மாட்டினாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானுங்க கேக்குது" என்று கழற்றி என் தலையில் வைத்தாள், இடம் வலம் பார்க்காமல், மாற்றி. இப்போதும் இடது காதில்தான் கம்மி. என் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயங்காலமே காது டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "எங்க சார் வேலை பாக்கறீங்க?" என்றார். "மில்லுங்க" என்றேன். போச்சு, சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ ஒரு கிடுக்கி உள்ளே போய் வந்தது. கண்ணைத் திறந்தால் அதன் நுனியில் கறுத்துப்போன ஒரு பஞ்சு உருண்டை.

இரைச்சலுக்காக மில்லில் கொடுக்கும் ரப்பர் காதடைப்பான் எனக்கு அரிக்கும். அதனால் மெஷின் பக்கத்திலிருந்தே ஒரு துளிப் பஞ்சைக் கிள்ளி, உருட்டி அடைத்துக்கொள்வேன். எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் அப்படித்தான். என்றைக்கோ ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. அழுக்கு சேர்ந்து இறுகிவிட்டது, அவ்வளவுதான்!

ஐயோ, அந்த நிமிடத்தை என்னவென்று சொல்ல? தலைக்கு மேலே மின்விசிறி கறகறவென்றது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். பக்கத்தில் மனைவியின் வளையல் சத்தம், அதுவும் இடது பக்கத்திலிருந்து! எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிப் படியில் நின்றபடியே பவானிக்காரருக்கு ஃபோன் போட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு, "திரும்பி வந்தன்னைக்கே கேட்டுப் பாத்தனுங்ணா, நல்லாத்தான் இருந்துச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றார்.

"அப்பறம் ஏனுங்க குழுவுல சொல்லலை? உங்க பேருதானுங்க கெட்டுப்போச்சு."

"மில்லுல இருக்கறவருகிட்டப் போயி உங்க காது போயிருச்சுன்னு எப்பிடிங்ணா சொல்றது? நம்ம ஹெட்போன்தான் கெட்டதுன்னு இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க."

அந்த மனுசனைப் பற்றித்தான் முப்பது பேருக்கு முன்னால் எழுதியிருந்தேன். படியிலேயே உட்கார்ந்து, என் கோபத்தையும் பஞ்சு உருண்டையையும் ஒன்று விடாமல் குழுவில் எழுதிப் போட்டேன். மனைவியை ஆட்டோவில் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். "இருங்க, இப்பவே வாரனுங்க" என்று பவானிக்காரருக்கு மறுபடி ஃபோனில் சொல்லிவிட்டு, பவானி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.