அண்ணன் நீட்டிய சமாதானம்

அப்போதெல்லாம் ஈஸ்டருக்கு விடியுமுன்பே பூனாவில் ஔந்திலிருந்து ஸ்கூட்டரில் கேம்ப் பகுதியிலிருந்த தமிழ்க் கோயிலுக்குப் போய்விடுவேன். வெயில் ஏறாத அந்தக் காற்றையும் கோயிலுக்குள் மெழுகுவர்த்தி மணத்தையும் நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு ஈஸ்டருக்கு மட்டும் வேண்டாவெறுப்பாகப் போனேன். லோஹேகாவில் விமானப்படையில் இருந்த அண்ணனும் வருவார் என்று தெரியும். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

அம்மாவை எங்கே அடக்கம் செய்வது என்பதில் வந்த சண்டை அது. அப்பாவின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. உயிர்த்தெழும் நாளில் அம்மா அப்பா பக்கத்திலிருந்துதான் எழுந்திருக்க வேண்டும் என்றார் அண்ணன். கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான். என் வாய் சும்மா இருக்குமா? அங்கே எழுப்புகிறவருக்குப் பூனாவுக்கு வழி தெரியாதா என்று கேட்டுவிட்டேன். அடக்கம் பூனாவிலேயே நடந்தது. குழியை மூடியதும் அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "ஜாலா சமாதான்?" என்றார். மராத்தியில், இப்போது திருப்தியா என்று அர்த்தம். கோபம் வந்தால் எங்கள் வீட்டில் மராத்திதான் வரும்.

அன்று பிரசங்கத்தில் போதகர், உயிர்த்த ஆண்டவர் தம்மை விட்டு ஓடியவர்களிடம் வந்து முதலில் சமாதானம்தான் சொன்னார், கைக் காயத்தை மறைக்கவும் இல்லை என்றார். காயமெல்லாம் ஆறின பிறகு வருவதுதான் சமாதானம் என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு சமாதானம் கொடுக்கும் நேரம். ஒருவர் கூப்பி நீட்டும் கைகளை அடுத்தவர் தன் கைகளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். என் கெட்ட நேரம், முன் பெஞ்சிலிருந்து திரும்பி நீட்டியது அண்ணன். "சமாதானம்" என்றார். என் காதில் அந்த மராத்திதான் விழுந்தது. நான் அந்தக் கைகளை வாங்கவில்லை.

அவர் நகரவில்லை. "அன்னைக்கி நான் அப்படிக் கேட்ருக்கக் கூடாது. எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு. இருந்தாலும் வாங்கிக்கோ புள்ள."

வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆராதனை முடிந்து இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அடக்கத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்று நினைத்து, வழிகாட்ட நான் முன்னால் நடந்தேன். அத்தனை வரிசைகளுக்கு நடுவே அண்ணன் என்னைத் தாண்டி, குறுக்கு வழியாக, நேரே அம்மாவிடம் போய் நின்றார்.