அண்ணனின் குதிரைப் பை

அண்ணன் துபாயில் ஒரு குதிரைப் பண்ணையில் பல வருஷம் வேலை பார்த்தார். ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது ஒரு கான்வாஸ் பை நிறைய குதிரைச் சாமான்கள் கொண்டுவந்தார். வந்த கையோடு ஒரு வெள்ளைப் பெண்குதிரை வாங்கினார். பாபநாசத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் டிராக்டர் நின்ற கொட்டகை குதிரைக் கொட்டகையானது. கும்பகோணம் வரைக்கும் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு அதைக் கூட்டிப்போவார்.

ஒருநாள் காலையில் அதன் வாலைச் சீவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. சொல்வது புரியும், தலையாட்டுவார். ஆனால் வாயைத் திறந்தால் ‘த்த... த்த...’ என்ற சத்தம் மட்டும்தான்.

குதிரை என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். அதுவரை அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. அண்ணி தினமும் காலையில் அண்ணனைச் சக்கர நாற்காலியில் கொட்டகை வாசலுக்குத் தள்ளிவருவார். நான் பையைத் திறப்பேன். முதலில் வளைந்த கம்பியால் குளம்புக்குள் அப்பியிருக்கும் சேற்றையும் சாணியையும் நோண்டி எடுக்க வேண்டும். பிறகு பல் வைத்த ரப்பர் தேய்ப்பானால் வட்டமாகத் தேய்த்தால் அழுக்கும் உதிர்ந்த முடியும் மேலே வரும். அதைத் தட்டிவிட முரட்டு பிரஷ், முகத்துக்கு மெத்தென்ற பிரஷ். கண்ணைத் துடைக்கும் துணியால் வாலடியைத் துடைத்துவிடக் கூடாது. ரப்பரைக் காலெலும்புப் பக்கம் கொண்டுபோனால் அண்ணன் இடது கையால் நாற்காலியை ஓங்கி அடிப்பார். அந்த அடிகளை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் என்னைக் கண்டாலே காதை மடக்கிக்கொண்ட குதிரை, போகப்போகத் தாடையை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் ஒருநாள் அதைப் பார்த்து வாய் கோணச் சிரித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சம்பா வயலெல்லாம் மூழ்கி, வாய்க்கால் தண்ணீர் கொட்டகைக்குள் ஏறியது. வைக்கோலும் உமியும் கொட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. ஒருநாள் காலையில் குதிரையின் பின்னங்காலைத் தூக்கிச் சேற்றை எடுத்தபோது, குளம்பின் நடுவில் மெத்தென்று இருக்கும் இடத்தில் துருப்பிடித்த கம்பித்துண்டு ஒன்று ஏறியிருந்தது. பிடுங்கிவிட்டுக் கழுவி மருந்து வைத்தேன். குதிரை நன்றாகத்தான் நடந்தது.

அன்றிலிருந்து அண்ணன் தன் கழுத்தைத் தட்ட ஆரம்பித்தார்.

“கழுத்து வலிக்குதுங்களா?” என்று அண்ணி தைலம் தேய்த்தார். அண்ணன் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் தட்டினார். தலையணையை மாற்றிப் பார்த்தேன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருபவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சதைப் பிடிப்புதான் சார், ஒத்தடம் குடுங்க” என்றார். அண்ணன் ‘த்த... த்த...’ என்று கத்தினார், பிறகு அழுதார். வலி தாங்காமல் அழுகிறார் என்று மாத்திரை கொடுத்தோம்.

அடுத்த வாரம் குதிரை தண்ணீரில் வாயை வைத்துவிட்டுக் குடிக்காமல் நின்றது. தாடை திறக்கவில்லை. நான்கு கால்களும் கட்டையாக விறைத்து, வால் தூக்கிக்கொண்டு நின்றது. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார்.

“ரணஜன்னிங்க இது, டெட்டனஸ். எங்கயாவது காயம் பட்டுச்சா?”

“குளம்புல கம்பி ஏறியிருந்துச்சு.”

“அன்னிக்கே ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். இங்கதான் போடுவோம்” என்று குதிரையின் கழுத்தில் கை வைத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தன் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இதத்தாங்க அன்னிலேர்ந்து சொன்னீங்களா?”

அண்ணன் தலையாட்டினார்.

டாக்டர் தினமும் வந்து மருந்து ஏற்றினார். வெளிச்சம் படாமல் கொட்டகையில் படுதா கட்டினோம், சத்தம் கேட்காமல் அதன் காதில் பஞ்சு வைத்தோம். கீழே விழுந்த குதிரை எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் மழைக்கு நடுவில் இறந்தது.

அண்ணன் பையைக் காட்டினார். அவரைத் தூக்கிக் குதிரையின் பக்கத்தில் உட்காரவைத்தோம். மெத்தென்ற பிரஷை எடுத்து நெற்றியிலிருந்து கீழே நீவினார். பழக்கமில்லாத இடது கை. பிரஷ் நழுவி நழுவி விழுந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு பையிலிருந்த வளைந்த கம்பியைக் காட்டினார். விறைத்துப்போன பின்னங்காலை நான் பிடித்துக்கொள்ள, அந்தக் குளம்பிலிருந்த சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்.

மேட்டில் ஜேசிபி வைத்துக் குழி வெட்டினோம். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. இறக்கியபோது குதிரை மூழ்காமல் வெள்ளையாக மிதந்தது. டிரைவர் அவசரமாகச் சேற்றை அள்ளி மேலே கொட்டினார். அண்ணி முந்தானையால் அண்ணன் கண்ணை மறைத்தார். அவர் அதைத் தள்ளிவிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் நாற்காலியை அடிக்கவில்லை. ‘த்த...’ என்ற சத்தம்கூட எழுப்பவில்லை. இடது கையில் எந்தக் கோளாறும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அந்தக் கை மடியில் கிடக்கிறது. “காப்பி வேணுங்களா?” என்று அண்ணி கேட்டால் தலையாட்டுவதில்லை, வாயில் வைத்தால் விழுங்குகிறார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்போல. வேறு மாதிரி நினைத்துப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை.

மழை ஓய்ந்து, மிஞ்சிய சம்பாவும் அறுப்பாகிவிட்டது. காலையில் அவரை வாசலுக்குத் தள்ளிவருகிறேன். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேனோ, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.