தேசிக்காய் ராத்தா

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே லைலா ராத்தாவின் மூக்கு வேலையைத் தொடங்கிவிடும். அடுப்படியில் பால் சேர்க்காத பிளேன்டீ மணந்தால், "குளிச போட்டாச்சாகா?" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து உடனே பதில் வராவிட்டால், தோள்பையிலிருந்து எங்கள் ஊர் எலுமிச்சையான தேசிக்காய் ஒன்று வெளியே வரும்.

கல்முனைக்குடியில் எங்கள் வட்டாரத்துத் தாய்மார் ஆதரவுக் குழுவில் அவர் தொண்டர். சம்பளம் கிடையாது. அவர் வீட்டு வளவில் நிற்கும் தேசி மரத்தில் காய் மிஞ்சுவதும் கிடையாது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, அந்தக் குளிசையை, பிளேன்டீயோடு விழுங்குவது எங்கள் வீடுகளின் பழக்கம். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று அவர் சொல்லாத நாளில்லை. "தேசிக்காத் தண்ணியோட போடுங்க. தேத்தண்ணி ரெண்டு மணித்தியாலம் கழிச்சி."

பக்கத்து வீட்டு றிபாவின் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே மௌத்தாகிவிட்டது. மறுபடி உண்டானபோது, பதினொன்றாவது இருக்கவேண்டிய இரத்த அளவு எட்டுப் புள்ளி ஆறு. ஒரு குளிசையும் தவறவில்லை, ஆனால் இரண்டு மாதமாகியும் ஏறவில்லை. விசாரித்தால், அவளுடைய உம்மாதான் பாசமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். லைலா கோபிக்கவில்லை.

"றிபாக்கு ரெத்தம் பதினொண்டு ஆகுமட்டும் நானும் தேத்தண்ணி தொடமாட்டன்" என்றார்.

நாளைக்கு ஆறு கோப்பை குடிக்கிற மனுசி! முதல் வாரம் தலையிடியில் கண்டவர் மீதெல்லாம் எரிந்து விழுந்தார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தினமும் மாலை அஸர் தொழுதுவிட்டு றிபாவின் முன்னால் போய் உட்காருவார். குளிசை தொண்டையில் இறங்கும்வரை எழும்பமாட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கோ, இவர் எங்கள் தெருக்காரி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு பெருமை.

போன செவ்வாய் கிளினிக்கிலிருந்து வந்த றிபா, லைலாவிடம் அட்டையை நீட்டினாள். ஒன்பதாம் மாதம், பதினொன்று புள்ளி இரண்டு. லைலா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. அதற்குள் றிபாவின் உம்மா சீனி தூக்கலாகப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"குடி புள்ள, அல்ஹம்துலில்லாஹ்!"

கோப்பை லைலாவின் உதடுவரை போனது. நான்கு மாதத்து ஆசையோடு மணத்தை இழுத்தவர், சட்டென்று நிறுத்தி றிபாவைப் பார்த்தார்.

"இண்டைக்குக் குளிச போட்டாச்சாகா?"

"இல்ல ராத்தா, இனித்தான்."

லைலா கோப்பையைச் சாசரால் மூடி ஓரமாக வைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டார்.