வகுப்பு முடிந்த பின் நடந்த வகுப்பு

ஒற்றியூரில் அலையோசை கேட்டபடி வீற்றிருக்கும் பெருமானே, எழுதத் தொடங்கும் இந்தக் கைக்குத் துணை நில்!

இன்று வளர்பிறைப் பிரதோஷம். நல்ல நாள். ஆனால் சென்ற திங்கட்கிழமை நிகழ்ந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாலை ஏழு மணி. இணைய வகுப்பை நிறைவு செய்துவிட்டுப் பூஜை அறையில் கற்பூரத்தட்டை எடுத்தேன். அப்போது கூடத்திலிருந்து ஒரு பெண்குரல்...

"இன்னா தனம்மா, வூட்ல எல்லாரும் நல்லாக்கீறாங்களா?"

தனம் எங்கள் வீட்டு வேலைக்கு வருபவள். தண்டையார்பேட்டைக்காரி, ஐம்பது வயது. ஆனால் அந்தக் குரல் தண்டையார்பேட்டைக் குரல் அன்று. நார்வே நாட்டிலிருந்து என்னிடம் தமிழ் கற்கும் கரினின் குரல்!

"இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லு மே. அடிச்சா மாரி சொல்ற," என்றாள் தனம்.

தட்டு நழுவித் தரையில் விழுந்தது. நான் கற்பித்த மாணவியா இப்படிப் பேசுகிறார்?

வாசகர்கள் அறிவார்கள்... முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு ஆண்டுகளாக அயல்நாட்டவர்க்கு இணையவழியில் தமிழ் சொல்லித் தருகிறேன். வகுப்பைப் பக்திப் பாடலில் தொடங்கிப் பக்திப் பாடலில் முடிப்பேன். நான் பாடும்போது குறுக்கே நாய் குரைப்பதும் குக்கர் விசில் அடிப்பதும் பொறுக்காது. ஆகவே அனைவரையும் மியூட் செய்துவிடுவேன்.

பன்னிரண்டு பேராகத் தொடங்கிய வகுப்பு நான்கு பேராகச் சுருங்கிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. வினாடி வினா வைத்தேன். வண்ணப்படம் காட்டினேன். வீட்டுப்பாடம் முடித்தவர்க்கு நட்சத்திரக் குறிகூட அளித்தேன்... ஐம்பது வயது வங்கி அதிகாரிக்கு! அடுத்த வாரமே அவர் வரவில்லை.

என்னிடம் இன்னொரு பழக்கம் உண்டு. வகுப்பை நான் மூடுவதில்லை. எங்கள் வீட்டில் விருந்தினர் எழுந்து விடைபெற்ற பின்னரே நாங்கள் எழுவோம். அப்படியிருக்க, பாடம் கேட்க வந்தவர்களை ஒரு பொத்தானை அழுத்தி வெளியேற்றலாமா? பாட்டு முடிந்து அவர்கள் மைக்கைத் திறந்து வணக்கம் சொன்னதும், கைகூப்பிவிட்டுக் கணினியைத் திறந்தபடியே வைத்துப் பூஜைக்குப் போய்விடுவேன். அவர்களே போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கன்டெய்னர் லாரி ஓயாத தெரு எங்களுடையது. அந்த ஹாரனையும் மீறி மணியடித்து, உரக்கப் பாடியே வழிபடுவேன். திங்களன்று வகுப்பு முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. முதன்முறையாக மௌன வழிபாடு. அதனால்தான் என் வீட்டில் நடப்பது என் காதில் விழுந்தது!

கூடத்துக்கு விரைந்தேன். என் நாற்காலியில் தனம். திரையில் கரின்.

"என்ன தனம் இது? எத்தனை நாளாக?"

"கோச்சுக்காத ஐயா. ரெண்டு மாசமா கீது."

"இரண்டு மாதமா!"

"நீ சாமி ரூமுக்குப் பூட்ட. நான் மேசை தொடச்சிகினு இருந்தேன். இந்தப் பொண்ணு தனியா குந்திகினு அழுவுது ஐயா. மைக்கை மூட மறந்துட்ச்சு. கண்டும் காணாம மூடிட்டுப் போவ சொல்றியா?"

அழுததா? என் வகுப்பிலா?

கரின் தலைகுனிந்தபடி, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னார். கணவர் செல்வம், தண்டையார்பேட்டையில் பிறந்து கப்பலில் எஞ்சினியராக இருப்பவர். கரினுக்கு இது ஏழாம் மாதம். தாய் இல்லை. பிரசவ வேளையில் கணவர் கடலில் இருப்பார். மாமியார்தான் துணைக்கு வருவதாக ஏற்பாடு. அவரோடு இரண்டு வார்த்தை பேசத்தான் இந்த வகுப்பு.

நான் கற்பித்ததை நம்பி மாமியாருக்குப் போன் செய்திருக்கிறார். "அன்னையே, தங்கள் நலம் அறிய விழைகிறேன். தாங்கள் உணவு அருந்தினீர்களா?"

அந்த அம்மாள் மிரண்டுபோய்ப் போனைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாராம். பிறகு மகனிடம் சொன்னதைச் செல்வம் அப்படியே மனைவியிடம் ஒப்பித்திருக்கிறார்: "ஒம் பொண்டாட்டி என்னைக் கலாய்க்கிறாடா. அங்க வந்து வாய் தொறக்காம குந்திகினு கெடக்க என்னால முடியாது. நான் வர்ல."

'தங்கள் நலம் அறிய விழைகிறேன்' என்ற வாக்கியம் என்னுடையது. அதைப் பிழையின்றிச் சொன்னதற்கு நட்சத்திரக் குறி வேறு அளித்திருந்தேன்.

அடியார் அழுதால் ஆண்டவன் ஓடி வருவான் என்று நான் ராகம் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தபோது, பத்தடி தூரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அழுதிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. துடைப்புத் துணியோடு நின்றவளுக்குக் கேட்டிருக்கிறது. தொலைதூரக் கல்வியில் தொலைவில் இருப்பவர் மாணவர்தான் என்று எப்படி நம்பினேன்?

"இன்னிக்குத்தான் ஐயா மாமியாருக்குப் போன் போடப் போறா. நீ ஒண்ணும் பேசிடாத," என்றாள் தனம்.

ஓரமாக நின்றேன். கரின் கணினியருகே கைபேசியை வைத்து ஸ்பீக்கரில் அழைத்தார்.

"அத்த, நான் கரின் பேசறேன். சாப்ட்டியா? முட்டி வலி எப்டி கீது?"

தனம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"...யார்மே அது? கரினா?"

"ஆமா அத்த."

"எங்க சாப்பட்றது? கேஸ் தீந்துபூச்சு. முட்டி வலி ஒரே பேஜாரு. ஒம் புருசன் ஒரு நாளாவது கேட்டிருப்பான்ற? வாய்ல கொழுக்கட்டை அவனுக்கு..."

இருபது நிமிடம்! கேஸ்காரர், மாடிப்படி, பக்கத்து வீட்டுக்காரி, பெற்ற மகன்... ஒருவரும் தப்பவில்லை. கரினுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் சரியான இடத்தில் "ஐயய்ய", சரியான இடத்தில் "அப்டியா அத்த". என் பாடத்திட்டத்தில் இவ்விரண்டும் இல்லை.

இறுதியில் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மே... நெத்திலிக் கருவாடு எட்த்தாரவா? அங்க நாத்தம்னு எவனாச்சும் சண்டைக்கு வருவானா?"

தனம் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "கெயவி வர்றாய்யா!"

கரின் சிரித்தார். அழவும் செய்தார். இம்முறை நானும் பார்த்தேன்.

இந்த வாரம் முதல் வகுப்பில் மியூட் கிடையாது. பாடல் உண்டு, ஒன்றே ஒன்று. பிற்பாதி தனத்துடையது. நாற்காலியை அவளுக்கு விட்டு எழப் போனேன். விடவில்லை. "நீயும் குந்து ஐயா. ஒனக்கும் ரெண்டு வார்த்த வரட்டும்!"

அமர்ந்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் அனைவரும் நலமாக வாழ்க. உங்கள் கூரையின் கீழ் எவரேனும் அழுதால், அது உங்கள் காதில் முதலில் விழ ஈசன் அருள் புரிக.